‘நல்லாத்தான் ஓடுது மாமா’

என் அக்கா மகன் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கணினி பூட்டினான். அதன் பிராசசருக்கு, பாடநூல் தமிழில் சொன்னால் நுண்செயலிக்கு, கம்பெனி குறித்த வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். இவன் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து அதை 4.8 ஆக்கிவிட்டான். பைசா செலவில்லை. ஒரு எண்ணை மாற்றியதோடு சரி. கணினி வழக்கம்போல் எழுந்தது, பாட்டுப் பாடியது. அவன் விளையாடும் கார்ப் பந்தயம் முன்பைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது. “நல்லாத்தான் ஓடுது மாமா” என்று சிரித்தான்.

நான்காம் நாள் கல்லூரி புராஜெக்டை ஸிப் கோப்பாகச் சுருக்கி நண்பனுக்கு அனுப்பினான். அங்கே திறக்கவில்லை, கோப்பு சிதைந்திருக்கிறது என்று செய்தி வந்தது. மறுபடி சுருக்கி அனுப்பினான், திறந்தது. மூன்றாம் முறை வேறொரு கோப்பு, மறுபடி சிதைவு. வைரஸ் மேல் பழி போட்டார்கள். இன்டர்நெட் மேல் போட்டார்கள். நண்பனின் பழைய லேப்டாப்பும் தப்பவில்லை. பிராசசர் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கணினி கணக்கில் தப்பு செய்யாது என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை அல்லவா?

செய்யும். செய்யுமென்றால், மூன்று நாள் எப்படி நன்றாக ஓடியது? ஒரு கணினி ‘நன்றாக ஓடுகிறது’ என்று எதை வைத்துத்தான் சொல்வது?

மேஸ்திரியின் கைதட்டல்

கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து மாடிவரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி கைதட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் தன் கையிலிருப்பதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு முந்தைய ஆளிடமிருந்து புதியதை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு வேகமானால் செங்கல் வேகமாக ஏறும். ஆனால் ஒரு எல்லை உண்டு. வரிசையில் மிக மெதுவான ஆள் கையை நீட்டி முடிப்பதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிட்டால், அவர் வெறுங்கையை நீட்டுவார். அல்லது செங்கல் கீழே விழும். மற்ற எல்லோரும் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் பயனில்லை.

பிராசசருக்குள்ளும் இப்படி ஒரு தட்டு உண்டு. அதைத் துடிப்பு என்போம். 4.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 480 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளியே ஆறு சென்டிமீட்டர் தூரம்தான் போக முடியும். அந்த இடைவெளிக்குள் மின்குறி தன் பாதையிலுள்ள டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் கடந்து, மறுமுனையில் 0 அல்லது 1 என்று நிலைகொள்ள வேண்டும். கம்பெனி குறித்த துடிப்பைத் தாண்டி ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். நாம் மிகைத்துடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்று நாள் புதிருக்கு வருவோம். 12,345-உடன் 1 கூட்டுங்கள். கடைசி இலக்கம் மட்டும் மாறும், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 99,999-உடன் 1 கூட்டுங்கள். மீதி ஒன்று, மீதி ஒன்று என்று கடைசிவரை கொண்டுபோக வேண்டும். கூட்டுவது அதே ஒன்றுதான், பாதை மட்டும் நீளம். பிராசசரிலும் சில கட்டளைகளுக்கு, சில எண்களுக்கு மட்டும் மின்குறி மிக நீண்ட பாதையில் போக வேண்டியிருக்கும். பாட்டுக் கேட்கும்போதும் கடிதம் தட்டும்போதும் அந்தப் பாதைக்கு வேலை வருவது அபூர்வம். வரிசையின் மெதுவான ஆளைக் கூப்பிடாதவரை மேஸ்திரி எவ்வளவு வேகமாகவும் தட்டலாம். கோப்பைச் சுருக்கிய அன்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்

அப்படியானால் 4.2 என்று கம்பெனி எழுதியது எதை வைத்து? ஒரு தட்டில் வார்த்த இட்லிகளே ஒன்றுபோல் வேகுவதில்லை. ஒரே சிலிக்கான் வட்டில் அச்சான சில்லுகளிலும் சில வேகமானவை, சில மந்தமானவை. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து எண் போடுகிறார்கள். அந்த எண்ணில் ஒரு காப்பு இடைவெளியும் உண்டு. வெயில் காலம், மின்னழுத்தம் தள்ளாடும் வீடு, தூசி அடைத்த மின்விசிறி, நான்கைந்து வருட மூப்பு, இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டுமே! மிகைத்துடிப்பு என்பது இந்த இடைவெளியைக் கடன் வாங்குவது.

சந்தைக் கணக்கும் இதில் கலக்கும். 1998 ஆகஸ்டில் இன்டெல் ஸெலரான் 300ஏ என்ற மலிவுப் பிராசசரை 149 டாலருக்கு வெளியிட்டது. மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் அதை நாலரையால் பெருக்கி 300-இல் ஓடும். அந்தப் பெருக்கு எண் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்க எந்தத் தடையும் இல்லை. நாலரை நூறு 450. அதே நாளில் வெளிவந்த பென்டியம் 2-இன் 450 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு விலை 669 டாலர். மலிவுச் சில்லு அதன் பக்கத்திலேயே ஓடி வந்தது. ஒரே மாற்றத்தில் பாதி வேகம் கூடுதல்! உலகமெங்கும் மாணவர்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். மலிவுப் பிராசசருக்கும் ஆள் வேண்டும் என்பதால், வேகமாக ஓடத் தெரிந்த சில்லுகளுக்கும் இன்டெல் 300 என்றே முத்திரை குத்தியிருந்தது. ஆனாலும் எல்லா 300ஏ-க்களும் 450-ஐத் தொடவில்லை. தன்னுடையது தொடுமா தொடாதா என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

கம்பெனியே சறுக்கிய இடம்

இந்தக் கடனை விளையாட்டுப் பிள்ளைகள் மட்டும் வாங்கவில்லை. 2000 மார்ச்சில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இன்டெலும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை அறிவித்தன. போட்டி சூடு பிடித்தது. ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இறக்கியது.

விமர்சனம் எழுதச் சில்லு கையில் கிடைத்தவர்களில் ஒருவர் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தை நிறுவிய தாமஸ் பாப்ஸ்ட். கணினி எழுந்தது. ஆனால் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலைக் கம்பைல் செய்யச் சொன்னபோது முடிக்க முடியாமல் நடுவழியில் விழுந்தது. லட்சக்கணக்கான வரிகளைப் படித்துக் கட்டளைகளாக மாற்றும் வேலை அது. நடுவில் ஒரு பிட் தவறினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு விமர்சகர்களும் சோதித்து அதையே கண்டார்கள். தரவு, மின்னழுத்தம், வெப்பநிலை மூன்றும் ஒரு குறிப்பிட்ட விதமாகக் கூடும்போது பிழை வரலாம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் இறுதியில் அந்தப் பிராசசரைத் திரும்பப் பெற்றது. கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதனைக் கூடம் வைத்திருக்கும் கம்பெனியின் சில்லில் இருந்த ஓட்டை, ஒரு நீண்ட கம்பைல் வேலையில் அம்பலமானது.

பிராசசரைச் சந்தேகப்படுகிறவர் அதற்கு நீளமான, கடினமான, விடை தப்பினால் உடனே தெரிகிற ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். அப்படியொரு வேலை கணிதத்தில் தயாராக இருந்தது.

31-ஐ வைத்து ஒரு பரீட்சை

இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32, அதில் ஒன்றைக் கழித்தால் 31. இந்த வகையில் வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றில் எது பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண், என்று கண்டுபிடிக்க எட்வார்ட் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி சொன்னார். 1876-இல் 39 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று கையாலேயே கணக்குப் போட்டு நிறுவியவர் அவர். பிறகு அமெரிக்காவின் லெமர் அந்த வழியைச் செம்மைப்படுத்தினார். வழி இதுதான்: 4-இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். 31-க்கு மூன்று முறை போதும். கடைசியில் பூஜ்யம் வந்தால் அது பகா எண்.

போட்டுப் பார்ப்போம்.

முதல் முறை: 4 பெருக்கல் 4, 16. இரண்டு போக 14. இது 31-க்குள்ளேயே இருப்பதால் மீதியும் 14.

இரண்டாம் முறை: 14 பெருக்கல் 14, 196. இரண்டு போக 194. ஆறு முப்பத்தொன்று 186. மீதி 8.

மூன்றாம் முறை: 8 பெருக்கல் 8, 64. இரண்டு போக 62. அது இரண்டு முப்பத்தொன்று. மீதி 0.

பூஜ்யம் வந்துவிட்டது, 31 பகா எண். இப்போது ஒரு சின்ன விபத்தை நாமே நடத்துவோம். கணினி 14-ஐ 1110 என்று எழுதி வைக்கும். துடிப்பு கொஞ்சம் முந்திவிட்டதால் கடைசி பிட் மட்டும் 0-க்குப் பதில் 1 ஆகிவிட்டது. 1111, அதாவது 15. இனி 15 பெருக்கல் 15, 225. இரண்டு போக 223. ஏழு முப்பத்தொன்று 217. மீதி 6. அடுத்து 36, இரண்டு போக 34, மீதி 3.

பூஜ்யம் வரவில்லை. 31 பகா எண்ணே இல்லை என்று கணினி சாதிக்கும். மூன்று படிக் கணக்கில் ஒரே ஒரு பிட் புரண்டதற்கு இந்தக் கதி. அப்புறம் எத்தனை படி சரியாகப் போட்டாலும் தப்பு தானாகத் திருந்தாது.

ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டு முயற்சி ஒன்று உலகமெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளில் இதே கணக்கைப் பிரம்மாண்டமாகப் போட்டு வருகிறது. 2018 டிசம்பரில் அவர்களுக்கு அகப்பட்ட பகா எண்ணுக்கு 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். நாம் மூன்று படியில் முடித்ததை அங்கே எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட படிகளில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட பெருக்கல். நடுவில் ஒரு பிட் புரண்டால் பல நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். அதனால் வோல்ட்மன் தன் பிரைம்95 நிரலுக்குள்ளேயே காவல் வைத்தார். பெரிய எண்களைத் துண்டுகளாக்கித் தசம எண்களாக்கிப் பெருக்குவது அதன் குறுக்குவழி. அந்த முறையில் விடை முழு எண்ணுக்கு மிக நெருக்கமாக வந்தாக வேண்டும். 7.003 என்றால் 7 என்று எடுத்துக்கொள்ளலாம். முழு எண்ணிலிருந்து விலகல் 0.4-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு என்று பொருள்.

கணக்கை நம்பி ஒப்படைக்கும் முன் கணினியின் தகுதியை அறிய, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கும் வசதியும் அதிலேயே உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் வதைச் சோதனை என்று சொல்லலாம். பகா எண்ணைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள்கூட இன்று பிரைம்95-ஐ இறக்குவது இந்த வதைச் சோதனைக்காகத்தான்.

ஆறாவது நிமிடம்

அக்கா மகனின் கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வதைச் சோதனையை ஓட விட்டோம். மின்விசிறி இரைய ஆரம்பித்தது. பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டுக் கருக்களுக்கு, அதாவது கோர்களுக்கு, எட்டு வேலையாட்கள், திரையில் எட்டு வரிசை. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் தேர்ச்சி, தேர்ச்சி என்று வரிகள் நகர்ந்தன. அவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். ஆறாவது நிமிடம் மூன்றாம் வரிசை நின்றுவிட்டது. விலகல் 0.5, இருக்க வேண்டியது 0.4-க்குள் என்று ஒரே ஒரு வரி. மற்ற ஏழும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தன. நீலத்திரை வரவில்லை, கணினி உறையவில்லை. அந்தச் சன்னலைப் பார்க்காமல் பாட்டு மட்டும் கேட்டிருந்தால் அன்றும் ‘நல்லாத்தான்’ ஓடியிருக்கும்.

மிகைத்துடிப்புக்காரர்கள் இதற்குச் சொல்லும் முதல் மருந்து வோல்டேஜ். மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகத் திறந்து மூடும். மெதுவான ஆளுக்குத் தெம்பு வரும். அவனும் 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினான். பத்து சதவீதம்தானே?

இங்கேதான் வெப்பம் உள்ளே வருகிறது. துடிப்பு கூடிய அளவுக்கே வெப்பமும் கூடும், அது நேர்க்கணக்கு. வோல்டேஜ் அப்படியல்ல, அதன் விளைவு வர்க்கமாக ஏறும்: பத்து சதவீதம் கூட்டினால் 1.1 பெருக்கல் 1.1, அதாவது 21 சதவீதம் அதிக வெப்பம். 4.2-லிருந்து 4.8-க்கு வேகம் கூடியது 14 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் வெப்பம் 38 சதவீதம் ஏறிவிட்டது. முன்பு 100 வாட் என்றால் இப்போது 138. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். அதைவிட அதிகமான சூடு கட்டைவிரல் நகத்தளவுச் சில்லிலிருந்து கிளம்புகிறது.

சூடு ஏறினால் செம்புக் கம்பியின் மின்தடையும் ஏறும். 50 டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ 20 சதவீதம். மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்னோட்டம் கசியும், அந்தக் கசிவும் சூடாகும். மெதுவான ஆளுக்குத் தெம்பூட்டப் போய் அவரை உச்சி வெயிலில் நிற்க வைத்த கதை.

மறுசோதனையில் கணக்குப் பிழை வரவில்லை. ஆனால் வெப்பமானி 100-ஐத் தொட்டது. துடிப்பு 4.8-லிருந்து 4.5-க்கும் 4.4-க்கும் தானாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

தானே தணியும் சில்லு

அது பிராசசரின் தற்காப்பு. தன் எல்லையைத் தொட்டதும் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத் தணிப்பு எனலாம். 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் வெளியிட்ட ஒரு காணொளி இதை உலகுக்குக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து, சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட் சிங்கைக் கையால் பிடுங்கினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு நகர்ந்தது. அப்போதைய ஏஎம்டி ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்று இரு கம்பெனிகளின் சில்லுகளிலும் தற்காப்பு உண்டு. பல இன்டெல் மேசைக்கணினிச் சில்லுகளுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95.

ஆகவே சில்லு எரிந்துவிடுமோ என்ற பயம் பழையது. இப்போதைய சிக்கல் வேறு: தணிப்பு உண்மையை மறைத்துவிடும். 4.8-இல் சோதித்துத் தேறிவிட்டதாக நாம் நினைப்போம். சில்லு பாதி நேரம் 4.4-இல்தான் ஓடியிருக்கும். சோதனை ஓடும்போது வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் துடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேராசையைக் கொஞ்சம் குறைத்து 4.6, 1.26 வோல்ட் என்று வைத்தோம். வெப்பம் 85-இல் நின்றது, துடிப்பு அசையவில்லை. அவன் கைகுலுக்க வந்தான். “ரூம்ல ஏசி எவ்வளவுல இருக்கு?” என்று கேட்டேன். 24.

இது நம் ஊர்க்காரர்கள் மறக்கவே கூடாத கணக்கு. ஹீட் சிங்கும் மின்விசிறியும் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. ஆகவே 85 என்ற எண் தனியாக நிற்காது, அறையைவிட 61 டிகிரி அதிகம் என்று படிக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை 38 டிகிரிக்குப் போனால் 61-உம் 38-உம் 99. குளிர்நாட்டு ஆசாமி 20 டிகிரி அறையில் சோதித்து ‘நிலையானது’ என்று எழுதி வைத்த எண்களை அப்படியே இங்கே போட்டால் சித்திரையில் காலை வாரிவிடும்.

ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தோம். சில்லின் உலோக மூடிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளியை அடைக்கத்தான் தெர்மல் பேஸ்ட். பட்டாணியளவு போதும், அழுத்தத்தில் மெல்லிதாகப் பரவிவிடும். இவனுடையதில் ஒரு பக்கம் காகிதம்போல் மெல்லிதாகவும் எதிர்மூலையில் வெண்ணெய்போல் தடித்தும் இருந்தது. அந்த மூலைத் திருகு முழுதாக இறங்கவில்லை. பழையதைத் துடைத்து, புதிதாக வைத்து, நான்கு திருகையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கினோம். 85 இறங்கி 76 ஆனது. அறையைவிட 52 அதிகம். வெயில் காலத்திலும் 90-ஐத் தாண்டாது.

எத்தனை மணி நேரம்?

பத்து நிமிடம் தேறினால் போதுமா, ஒரு இரவு முழுக்க ஓட வேண்டுமா என்பது இதில் இறங்குகிறவர்கள் ஓயாமல் சண்டையிடும் கேள்வி. பத்து நிமிடத்தில் கணினி முழுதாகச் சூடாகியிருக்காது. பெட்டிக்குள் காற்று வெதுவெதுப்பாக அரை மணி ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு கரு துடிப்பது 16 லட்சம் கோடி தடவைக்கும் மேல். அத்தனையிலும் பிழை இல்லையென்றால் பிழை அபூர்வம் என்றுதான் சொல்லலாம். அடுத்த மணியில் வராது என்று சொல்லிவிட முடியாது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லாததை நிரூபிக்க முடியாது. சும்மா விளையாடும் கணினிக்கு ஓரிரு மணி போதும். அலுவல் கணக்கும் குடும்பப் புகைப்படமும் வைத்திருப்பவர் ஓர் இரவு விடுவது நல்லது.

நேரத்தைவிட முக்கியம் வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது. பிரைம்95-இல் சிறிய அளவுக் கணக்குகள் சில்லுக்குள்ளேயே சுற்றி உச்ச வெப்பத்தைக் கிளப்பும். பெரிய அளவுக் கணக்குகள் நினைவகத்தையும் அதற்கான வழியையும் வதைக்கும். இன்னொரு பொறி சும்மா இருக்கும் நேரத்தில் இருக்கிறது. கிராமத்தில் பம்ப் மோட்டார் போட்டதும் பல்பு ஒரு கணம் மங்குமே, அதுபோல் ஓய்விலிருக்கும் பிராசசர் திடீரென்று பாரத்தை ஏற்கும்போது வோல்டேஜ் சற்றே சரியும். முழு பாரத்தில் இரவெல்லாம் தாக்குப்பிடித்த கணினி, மறுநாள் மின்னஞ்சல் திறக்கும்போது விழுவது இதனால்தான். வதைச் சோதனையை நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கியும் பார்க்க வேண்டும்.

தேர்ச்சிக்குக் காலாவதியும் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சில, கம்பெனி அமைப்பிலேயே அளவுக்கு மீறிய வோல்டேஜை வாங்கி நாளடைவில் நலிந்தன. முதலில் நன்றாக ஓடியவை மாதங்கள் கழித்துத் தடுமாறின. 2024-இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. கூடுதல் வோல்டேஜ் காப்பு இடைவெளியை உள்ளிருந்தே அரிக்கும்.

ஓசையில்லாத பிழை

உறைந்து போகிற கணினி நல்ல கணினி. அது தன் நோயை வாய்விட்டுச் சொல்கிறது. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை வருகிறது. அவர்களுடைய பல்லாயிரம் கணினிகளில் ஒன்றில், ஒரே ஒரு கரு மட்டும், 1.1-ஐ 53 முறை பெருக்கச் சொன்னால் முழு எண் விடையாக 156 தராமல் 0 தந்தது. 52 முறை பெருக்கச் சொன்னால் 142 என்று சரியாகச் சொன்னது. அந்தக் கணக்கு ஒரு கோப்பின் அளவைக் கண்டறியப் பயன்பட்டது. அளவு பூஜ்யம் என்றால் கோப்பே காலி என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது சில காணாமல் போயின. எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை. யாரும் துடிப்பைக் கூட்டாத, சர்வர் அறையில் பத்திரமாக வாழ்ந்த பிராசசர் அது. அங்கேயே இப்படியென்றால், இடைவெளியைக் கடன் வாங்கிய வீட்டுக் கணினியில் கேட்க வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் ஏறத்தாழ 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் பதிவுகளை அலசினார்கள். குறித்த வேகத்தைத் தாண்டி ஓடியவை அதிகமாக விழுந்தன. குறித்ததைவிடக் குறைத்து ஓட்டப்பட்டவை மற்றவற்றைவிடக் குறைவாக விழுந்தன.

அதற்காக மிகைத்துடிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் கணினி இன்றும் 4.6-இல்தான் ஓடுகிறது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் கம்பெனி வேகத்திலேயே வதைச் சோதனை ஓட்டி, வெப்பநிலையையும் அறைவெப்பத்தையும் குறித்து வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே எண்ணை, சின்னப் படியாக மாற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். தடுமாறினால் ஒரு படி இறங்கி நில்லுங்கள், வோல்டேஜைத் தேடி ஓடாதீர்கள். இதில் எதையும் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளின் நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். டிசம்பரில் தேறிய கணினிக்கு மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, ஏசியை அணைத்துவிட்டு, இன்னொரு பரீட்சை வையுங்கள். அதிலும் தேறினால் அப்போது சொல்லலாம், நல்லாத்தான் ஓடுது என்று.